கோடைக் கட்டுரைக்கு உதவியோர்

பிரேசர் டவுன், பெங்களூரு
20 அக்டோபர் 2024

அன்புத் தங்கை அல்போன்சாவுக்கு,

இறையாசி உன்னோடு இருப்பதாக. நானும் உன் அண்ணி மரகதமும் நலம். உன் நலத்தையும் உன் மடத்துச் சகோதரிகளின் நலத்தையும் அறிய ஆவல்.

ஒரு முக்கியமான செய்தி. சென்ற ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் பங்குச் செய்திமடலின் ஆசிரியர் குழு ஞானோபதேச அறையில் கூடியது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு, வரும் ஏப்ரல் இதழில் என் கட்டுரைக்கு ஒரு பக்கத்துக்குப் பதிலாக ஒன்றரைப் பக்கம் ஒதுக்குவது என்று முடிவாயிற்று. இருவர் எதிர்த்தனர். அவர்கள் பெயரை எழுதுவது பிறரன்புக்கு உகந்ததன்று. இதற்கு முன் ஒன்றரைப் பக்கம் ஒரே ஒரு முறைதான் ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதுவும் ஆயர் வந்தபோது. ஆசிரியர் கிளிஃபர்ட், "மீதி அரைப் பக்கத்துல பர்த்டே லிஸ்ட் வந்தே ஆகணும் சார், அதுல மட்டும் கை வெக்காதீங்க" என்றார். நான் கை வைப்பதாக இல்லை.

கட்டுரையின் பொருள் இது. லத்தீனில் கோடைக்கு 'எஸ்தாஸ்' என்று ஒரு சொல் இருந்தது. லத்தீன் பெற்ற மொழிகளில் சில அதை வைத்துக்கொண்டன. சில அதைக் கைவிட்டு, வசந்தத்துக்கான சொல்லை எடுத்துக் கோடைக்கு வைத்தன. ஏன்? முப்பதாண்டு குருமடத்தில் லத்தீன் கற்பித்தும் இதை நான் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். உன் மடத்திலோ அத்தனை மொழிகளும் ஒரே மேசையில் சாப்பிடுகின்றன. ஒவ்வொருவரும் கோடையை என்ன சொல்கிறார்கள், அது எப்போது தொடங்குகிறது என்கிறார்கள் என்று கேட்டு எழுது. கிறிஸ்மஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் உங்கள் மடத்தில் கடிதம் வாங்குவதும் இல்லை, எழுதுவதும் இல்லை என்பது நினைவிருக்கிறது. அதற்குள் எழுது.

அன்பு அண்ணன்,
ரெமிஜியஸ்

ஸ்பெயின்
14 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நலமாக இருக்கிறேன். உங்கள் இரத்த அழுத்தம் எப்படி? அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஒன்றரைப் பக்கம் கிடைத்ததற்காக இங்கே எல்லோரும் ஜெபித்தோம். அது கிடைத்தபின்தான் கடிதம் வந்தது என்றாலும் ஜெபம் வீணாகாது என்று மதர் சொன்னார்.

உங்கள் கேள்வியை ஓய்வு நேரத்தில் மதரே வாசித்தார். அவர் கட்டலோனியாக்காரர். 'எஸ்திவு' என்றார். இத்தாலிச் சகோதரி 'எஸ்தாத்தே' என்றார். போர்ச்சுகல் சகோதரி சொன்ன 'வெராவுன்' மூக்கில் முடிகிறது. ருமேனியாவிலிருந்து வந்த இளையவள் 'வாரா' என்றாள், செர்ரி பழுத்தால் தொடங்குமாம். சமையல்காரச் சகோதரி இந்த ஊர்க்காரர், 'வெரானோ' என்றார். 'எஸ்தீயோ' என்றும் ஒரு சொல் உண்டாம், அதை ஜெபப் புத்தகம்தான் பேசும் என்றார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 'கோடை' என்றேன். ஆளுக்கொரு விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். நானும் வெகு நாளுக்குப் பிறகு அதைச் சத்தமாகச் சொன்னேன்.

சென்ற வாரம் ஆயர் இல்லத்திலிருந்து இருவர் வந்து கட்டடத்தை அளந்தார்கள். எதற்கென்று மதர் சொல்லவில்லை. கூரை ஒழுகும் இடத்தைக் காட்டினோம். அதை மட்டும் அவர்கள் அளக்கவில்லை.

வீட்டில் பின்னறை காலியாக இருக்கிறதா, அண்ணா? கேட்க வேண்டும் என்று தோன்றியது.

உங்கள் தங்கை,
அல்போன்சா

பிரேசர் டவுன்
24 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. அங்கே அனைவரும் நலம் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பியது பொக்கிஷம். எஸ்தாத்தே, எஸ்திவு, அவற்றோடு பிரெஞ்சுக்காரர்களின் 'எத்தே', இவையெல்லாம் எஸ்தாஸ் வீட்டுப் பிள்ளைகள். எரிவது, கொதிப்பது என்னும் பொருளில் பிறந்த சொல் அது. வெரானோ, வெராவுன், வாரா மூன்றும் வேறு வீடு. லத்தீனில் 'வேர்' என்றால் வசந்தம். 'வேரானும் தெம்புஸ்' என்றால் வசந்தப் பொழுது. அது எப்படியோ நகர்ந்து நகர்ந்து கோடையின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. கிளிஃபர்டிடம் இதைச் சொன்னபோது, "வேனில், வெரானோ, எல்லாம் நம்ம சொல்தானே சார், அதைத் தைரியமா எழுதுங்க" என்றார். எழுத மாட்டேன் என்றதும் முகம் வாடிவிட்டது.

அளவெடுத்தது நல்ல அறிகுறி. பழுது பார்ப்பார்கள்.

பின்னறையைப் பற்றிக் கேட்டிருந்தாய். காலி என்று சொல்ல முடியாது. அகராதிகள் அங்கேதான் இருக்கின்றன. மேசையும் அங்கேதான்.

போர்ச்சுகல் சகோதரியிடம், அவர்கள் ஊரில் 'எஸ்தியோ' என்ற சொல்லைப் பேச்சில் யாராவது சொல்லிக் கேட்டதுண்டா என்று விசாரி. இது உன் கையில் கிறிஸ்மஸுக்குத்தான் கிடைக்கும். பாதகமில்லை.

அன்பு அண்ணன்,
ரெமிஜியஸ்

ஸ்பெயின்
29 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். உங்கள் இருவரின் உடல்நலத்துக்காக இரவுத் திருப்பலியில் வேண்டிக்கொண்டேன்.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் மதர் எங்களை அழைத்துச் சொன்னார். ஜூன் மாதம் மடம் மூடப்படுகிறது. ஆறு பேருக்கு இத்தனை பெரிய கூரை வேண்டாம் என்பது மேலிடத்தின் முடிவு. அவரவர் எங்கே போவது என்று சொல்ல வேண்டும். போர்ச்சுகல் சகோதரி ஜனவரி முதல் வாரமே புறப்படுகிறார். அவர் ஊரில் ஒரு மடம் ஏற்றுக்கொண்டது. எஸ்தியோ என்று அவருடைய ஊர்ப் பாதிரியார் ஒருவர் பிரசங்கத்தில் சொல்வாராம். யாருக்கும் புரியாதாம்.

எனக்கு இரண்டு வழி. ஒன்று, வடக்கே மேட்டு நிலத்தில் எங்கள் சபையின் இன்னொரு மடம். மிகவும் கண்டிப்பானது என்கிறார்கள். இன்னொன்று, மைசூர் அருகே ஒரு மடம் என்னை எடுத்துக்கொள்ளும். ஆனால் அவர்கள் கட்டடம் முடிய ஓராண்டு ஆகும். அதுவரை நான் குடும்பத்தோடு இருக்கலாம். குடும்பத்தார் ஏற்றுக்கொள்வதாக ஒரு கடிதம் எழுதித்தர வேண்டும். அவ்வளவுதான்.

எனக்குப் பெரிய இடம் தேவையில்லை. அகராதிகள் இருக்கும் அறையிலேயே ஒரு கட்டில் போட்டால் போதும். நான் பேச மாட்டேன், பழக்கமில்லை.

உங்கள் தங்கை,
அல்போன்சா

பிரேசர் டவுன்
19 ஜனவரி 2025

அன்புத் தங்கைக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். எனக்குச் சளி, வேறு குறை இல்லை.

மடம் மூடப்படும் செய்தி அறிந்து மிகவும் வருந்தினேன். அதைவிட வருத்தம், போர்ச்சுகல் சகோதரி அந்தப் பாதிரியார் எந்த வட்டாரத்துக்காரர் என்று சொல்லாமலே போய்விட்டது. இனி அவரை எங்கே பிடிப்பது? இத்தாலிச் சகோதரி இருக்கிறாரா? அவர் போகும்முன், அவருடைய பாட்டன் காலத்துப் பேச்சில் கோடைக்கு வேறு சொல் உண்டா என்று கட்டாயம் கேள்.

நீ இங்கே வருவதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. ஆனால் யோசிக்க வேண்டியவை பல. பின்னறைச் சுவரில் ஈரம் ஏறுகிறது. வெளியே சாலையைக் கான்கிரீட் போடுவதற்காகத் தோண்டியிருக்கிறார்கள், நாள் முழுக்க இயந்திரச் சத்தம். மௌனத்தில் வாழ்ந்தவளுக்கு அது துன்பம். மரகதத்துக்கும் முட்டி வலி, இன்னொருவரைக் கவனிக்கும் நிலையில் அவள் இல்லை. இதையெல்லாம் உன் நன்மைக்காகவே சொல்கிறேன்.

அச்சகத்துக்கு மார்ச் பத்தாம் தேதிக்குள் கட்டுரை போக வேண்டும்.

அன்பு அண்ணன்,
ரெமிஜியஸ்

ஸ்பெயின்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சளி நீங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இஞ்சி சேர்த்துக்கொள்ளுங்கள். அண்ணியின் முட்டிக்காகச் சகோதரிகள் நவநாள் ஜெபம் தொடங்கியிருக்கிறார்கள்.

இத்தாலிச் சகோதரி போன செவ்வாய்க்கிழமை போய்விட்டார். அவருடைய பாட்டனாருக்குக் காது கேட்காது, யாரோடும் பேசியதில்லையாம். ருமேனியப் பெண் மார்ச் மாதம் போகிறாள். மேசையில் தட்டுகளைக் குறைத்துப் போட எனக்குக் கை வரவில்லை. இரண்டு முறை கூடுதலாக வைத்துவிட்டேன்.

அண்ணா, நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஈரத்தைப் பற்றி வந்தது. சத்தத்தைப் பற்றி வந்தது. இங்கேயும் சுவர் ஈரம்தான், பழகியவள் நான்.

மார்ச் முடிவதற்குள் மதர் எல்லோருடைய முடிவையும் அனுப்ப வேண்டும். மார்ச் ஐந்தாம் தேதி திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். அதன்பின் வரும் கடிதம் எதுவானாலும் மதரின் அலமாரியில், தவக்காலம் முடிந்து பாஸ்கா வரும்வரை பிரிக்காமல் கிடக்கும். அவர் எனக்காக விதியை மீற மாட்டார், நானும் கேட்க மாட்டேன். அதனால் இதைக் கண்டதும் விரைவுத் தபாலில் இரண்டு வரி எழுதுங்கள். 'வரட்டும்' என்று எழுதினால் போதும். முடியாதென்றாலும் எழுதுங்கள். அதுவும் பதில்தான், அதன்படி நான் செய்துகொள்வேன்.

உங்கள் தங்கை,
அல்போன்சா

பிரேசர் டவுன்
4 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

தவக்கால அருள் உன்னோடு இருப்பதாக. சளி போய்விட்டது, இஞ்சிக்கு நன்றி.

உன் கடிதம் பிப்ரவரி இருபதாம் தேதியே வந்துவிட்டது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அப்போது கிளிஃபர்ட் வந்து, வேறொரு கட்டுரை வராததால் மெய்ப்பை உடனே திருத்தித் தர வேண்டும் என்றார். அதில் 'லத்தீன்' என்னும் சொல்லே நான்கு விதமாக அச்சாகியிருந்தது. நான் திருத்தத் திருத்த நாள்கள் போய்விட்டன.

கட்டுரையில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். நீயும் ரசிப்பாய். பழைய ஸ்பெயினில் பருவம் ஐந்து என்று எண்ணினார்களாம். முதலில் ப்ரிமவேரா, அடுத்து இளஞ்சூடான வெரானோ, அதன்பின் சுட்டெரிக்கும் எஸ்தீயோ. நம்மவர்கள் இளவேனில், முதுவேனில் என்று பிரித்ததுபோலவே. அவர்கள் காலப்போக்கில் எஸ்தீயோவை ஏட்டுக்கு அனுப்பிவிட்டு, வெரானோவையே முழு வெயிலுக்கும் பொறுப்பாக்கிவிட்டார்கள். ஒரு சொல் தன் இடத்தை இன்னொன்றுக்கு விட்டுக்கொடுக்கும்போது எந்தச் சத்தமும் கேட்பதில்லை. இந்த வாக்கியத்தைக் கிளிஃபர்ட் தடித்த எழுத்தில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

உன் விஷயம். நம் வீடு உன் வீடு. இதை நான் எழுதித்தான் நீ அறிய வேண்டும் என்பதில்லை. மதரிடம் தருவதற்கு முறையான கடிதத்தை, மரகதத்தோடு கலந்து பேசியபின் தனியே அனுப்புகிறேன். எப்படியும் பாஸ்கா வரை அலமாரியில்தான் கிடக்கப் போகிறது என்பதால் அதில் அவசரமில்லை என்று நினைக்கிறேன்.

அன்பு அண்ணன்,
ரெமிஜியஸ்

ஸ்பெயின்
21 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உயிர்ப்பு விழா வாழ்த்துகள். உங்கள் இருவருக்கும் நல்ல உடல்நலம் கிடைக்க வேண்டுகிறேன்.

நேற்று மதர் தவக்காலக் கடிதங்களைக் கொடுத்தார். எனக்கு ஒன்று இருந்தது. தனியே அனுப்புவதாகச் சொன்னது அதில் இல்லை. இன்னும் வரவில்லை.

மார்ச் முடிவில் மதர் என் பெயருக்கு எதிரே, குடும்பத்திடமிருந்து பதில் இல்லை, வடக்கு மடத்துக்கு அனுப்பலாம் என்று எழுதி அனுப்பியிருக்கிறார். எழுதும்முன் என்னைக் கேட்டார். "இன்னும் சில நாள் பார்க்கலாமா?" என்றேன். பார்த்தார். மேலிடத்து ஆணை இன்னும் வரவில்லை. அது வரும்முன் உங்கள் கடிதம் வந்தால் மாற்ற முடியுமாம். வந்துவிட்டால் மூன்றாண்டுகளுக்கு மாற்ற முடியாது.

ருமேனியப் பெண்ணும் போய்விட்டாள். மதர், சமையல்காரச் சகோதரி, நான், மூவர் இருக்கிறோம். ஐந்து பருவம் பற்றிய உங்கள் பத்தியைச் சகோதரியிடம் சொன்னேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "அந்த மனிதருக்கு வீட்டில் வேலையே இல்லையா?" என்று கேட்டார். உங்களுக்கு வேலை அதிகம் என்றேன்.

உங்கள் தங்கை,
அல்போன்சா

பிரேசர் டவுன்
4 மே 2025

அன்புள்ள அல்போன்சாவுக்கு அண்ணி மரகதம் எழுதிக்கொள்வது.

நல்லா இருக்கியா? நாங்க நல்லா இருக்கோம். எனக்கு உங்க அண்ணன் மாதிரி எழுத வராது, பேசற மாதிரியே எழுதறேன்.

ஏப்ரல் செய்திமடல் இன்னிக்குத்தான் கோயில்ல கொடுத்தாங்க. பர்த்டே லிஸ்ட் பாக்கலாம்னு பிரிச்சேன். அதுக்கு மேல உங்க அண்ணன் கட்டுரை முடியுற இடத்துல பொடி எழுத்துல ஒண்ணு இருந்தது. அப்படியே எழுதறேன் பாரு: "இக்கட்டுரைக்கு வாய்மொழிச் சான்றுகள் தந்த ஸ்பெயின் நாட்டு மடத்துச் சகோதரிகளுக்கு நன்றி. அம்மடம் மூடப்படுவதால் இத்தகைய சான்றுகளை இனி ஓரிடத்தில் திரட்ட இயலாது."

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "என்னங்க, அல்போன்சாவோட மடத்தை மூடுறாங்களா?"

"அது அடிக்குறிப்பு. அதையெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க" அப்படின்னார்.

"மூடினா அவ எங்க போவா?"

மறுபடியும் அடிக்குறிப்பைப் பத்தியே பேச ஆரம்பிச்சார். முப்பத்தெட்டு வருஷமா அந்தப் பேச்சைக் கேக்கறவ நான். உன் கடிதம் எல்லாத்தையும் எடுத்துக் கொடுங்கன்னேன். கொடுத்தார். உன்னோடதை மட்டும்தான் படிச்சேன், அவர் என்ன எழுதியிருப்பார்னு அதுலயே தெரிஞ்சுபோச்சு.

என் முட்டிக்கு என்ன கேடு? தினம் ரஸல் மார்க்கெட்டுக்கு நடந்து போயி மீன் வாங்கிட்டு வரேன். நவநாள் சொன்ன சிஸ்டருங்களுக்கு என்ன பதில் சொல்றது? எனக்கு வெக்கமா இருக்கு. ரோடு வேலை பிப்ரவரிலயே முடிஞ்சுது. ஈரம் உண்மைதான், ஆனா அது பாத்ரூம் பக்கம்.

"ஏன் இப்படிப் பண்ணீங்க?"ன்னு கேட்டேன். "அந்த மேசையை எங்க போடுறது?"ன்னார். கிண்டல் இல்ல அல்போன்சா, நிஜமாவே கேட்டார். நான் போய் பேப்பர் எடுத்தேன்.

இதோட ரெண்டு வரிக் கடிதம் வெச்சிருக்கேன். நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன், அவரும் போட்டிருக்கார். அதை அப்படியே உங்க மதர் கையில கொடு. நாளைக்குக் காலைல நானே ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பறேன். போன் பண்ணியும் பாத்தேன், மணி அடிச்சுக்கிட்டே இருந்தது, யாரும் எடுக்கல.

கட்டில் வாங்கணும். மெத்தை கெட்டியா வேணுமா, மெத்துன்னு வேணுமா? அங்க எதுல படுக்கறியோ எனக்குத் தெரியாது.

அன்புடன்,
அண்ணி

பிரேசர் டவுன்
8 ஜூன் 2025

அன்புத் தங்கைக்கு,

நலமா? நாங்கள் நலம். இங்கே மழை தொடங்கிவிட்டது.

பின்னறைக்கு வெள்ளையடித்தாயிற்று. அகராதிகளைக் கூடத்துக்கு மாற்றினோம். மேசை மாடிப்படிக்குக் கீழே சரியாகப் பொருந்துகிறது. அங்கே பொருந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கட்டில் வந்துவிட்டது. மெத்தை கெட்டியானதுதான் இருக்கட்டும் என்று மரகதம் முடிவு செய்தாள். ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறோம், கொசு வராது.

மரகதம் அனுப்பியது கிடைத்ததா? தபால் நிலையத்தில் விசாரித்தேன். மே மாதமே சேர்ந்துவிட்டதாகக் காட்டுகிறது என்றார்கள். நீ எந்த விமானத்தில் வருகிறாய் என்று எழுது. விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். இது தவக்காலம் இல்லையே, எழுதலாமே.

கட்டுரை பற்றிக் கிளிஃபர்டுக்கு ஒரு வாசகர் கடிதம் வந்தது. பர்த்டே லிஸ்டில் தன் பேரன் பெயர் விட்டுப்போனது பற்றி.

மழைக்காலத்தில் உனக்கு மூச்சிரைப்பு வருவதுண்டு. இப்போது எப்படி இருக்கிறது என்று நான் இதுவரை கேட்கவில்லை.

அன்பு அண்ணன்,
ரெமிஜியஸ்

ஸ்பெயின், வடக்கு மடம்
5 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நான் நலம். மூச்சிரைப்பு இருக்கிறது, இங்கே காற்று மெலிது. உங்கள் இரத்த அழுத்தம் எப்படி? அண்ணி நலமா?

உங்கள் ஜூன் மாதக் கடிதம் பழைய முகவரிக்குப் போய், ஆயர் இல்லத்தில் தங்கி, இங்கே வந்தது. அறைக்கு வெள்ளையடித்ததையும் மேசை பொருந்தியதையும் படித்து மகிழ்ந்தேன். அண்ணியின் கடிதமும் அதோடு வைத்திருந்த இரண்டு வரியும் மே மாதம் பாதியில் கிடைத்தன. மேலிடத்து ஆணை அதற்கு முந்தின வாரமே வந்துவிட்டது. மதர் அந்த இரண்டு வரியையும் கோப்பில் சேர்த்தார். "வரட்டும்" என்று தமிழில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

ஜூன் கடைசியில் கட்டடத்தைப் பூட்டினோம். சமையல்காரச் சகோதரி முதியோர் இல்லத்துக்குப் போனார். மதர் பார்சலோனாவுக்குப் போனார். நான் பேருந்தில் இங்கே வந்தேன்.

இங்கே பதினோரு பேர், எல்லோரும் இந்த மாகாணத்துக்காரர்கள். நீங்கள் கேட்கவில்லை என்றாலும் உங்களுக்குப் பயன்படும் என்று விசாரித்தேன். பத்துப் பேர் வெரானோ என்கிறார்கள். மிக மூத்தவர் மட்டும், கோதுமை அறுக்கும் வாரங்களை எஸ்தீயோ என்கிறார், புத்தகம் பார்க்காமல், பேச்சிலேயே. பெயர் போட்டுக்கொள்ள அனுமதி இல்லை.

கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள். இந்த மடத்தில் ஆண்டுக்கு இரண்டு கடிதங்கள் எழுதலாம். முதலாவதை ஜூலையில் அண்ணிக்கு எழுதினேன். இது இரண்டாவது.

உங்கள் தங்கை,
அல்போன்சா